நூற்றுக்கு இருபத்தெட்டு

"அடுத்த வரி" என்றார் பட்டாபிராமன். தலை நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

சரசா குக்கரை இறக்கிவைத்தாள். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மராத்தி வாக்கியத்தைச் சொன்னாள். அவர் அதைத் தமிழ் எழுத்தில் எழுதினார். ஒரு சீட்டு நிறைந்ததும் இன்னொன்றை எடுத்தார். விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டிய வெள்ளை அட்டைகள். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கச்சிதமாக அடங்கும். பரீட்சை ஹாலில் பையன்கள் சட்டைக் கைமடிப்பில் வைக்கும் அதே அளவு. எத்தனை பேரை அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

மணி ஒன்பது பத்து. பதினொன்றுக்கு விசாரணை. விஷ்ராந்த்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம். மழை பெய்தால் ஒரு மணி நேரம். ஆகஸ்ட் மாதத்துப் புனேயில் மழை பெய்யாமல் என்ன செய்யும், கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எத்தனாவது பக்கம்?"

"ரெண்டு முடிஞ்சது. மூணு ஆரம்பிக்கறேன்."

"முதல் பக்கத்தை விட்டுட்டியே?"

"முதல் பக்கத்தை யாரு படிக்கச் சொல்லுவா? சந்தேகப்படறவா நடுவுலதான் தொறப்பா. எழுதுங்கோ."

சரியாகத்தான் பட்டது. எழுதினார்.

விஷயம் இதுதான். பட்டாபிராமன் கல்லூரியில் தத்துவம் கற்பிப்பவர். நாற்பத்தேழு வயது. பதினோரு வருஷங்களுக்கு முன்னால், தபால் வழியில் தத்துவப் பட்டயம் நடத்தும் ஒரு கல்வி நிலையம் விடைத்தாள் திருத்த ஆள் தேடியது. நேர்காணலில் ஒரே ஒரு கேள்விதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மராத்தியில் எழுதிய விடைத்தாள்களைப் படிப்பீர்களா?

படிப்பேன் என்றார்.

படிக்க வராது. காய்கறி விற்கும் பாஜிக்காரியிடம் பேரம் பேசுவார். ரிக்‌ஷாக்காரனிடம் சண்டையும் போடுவார். மெட்ராஸில் இளவயதில் எழுதிய இந்திப் பரீட்சைகளின் தயவில், அச்சடித்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார். கையெழுத்து என்றால், மேல்கோட்டில் வரிசையாகத் தொங்கும் எறும்புகள்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத் தேர்வாளர் ஆனார். தேர்வாளர் என்பதைக் காட்டிக் கல்லூரியில் துறைத் தலைவர் ஆனார். வருஷா வருஷம் ஜூலையில், பொய் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்ற காண்ட்டின் கொள்கையை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போடுவார்.

காப்பாற்றியவள் சரசா. தேஹு ரோடு ஆயுதக்கிடங்கு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். படித்ததெல்லாம் மராத்திப் பள்ளிக்கூடம், பன்னிரண்டாவது வரை. தமிழைப் பேசுவாள், எழுத்துக் கூட்டினால் தடுமாறுவாள். மராத்தியோ தண்ணீர் பட்டபாடு.

ஒவ்வொரு மே மாதமும் விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வரும். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை பட்டாபிராமன் திவானில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். சரசா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக மடியில் வைத்து, மராத்தியைக் கண்ணால் பார்த்துத் தமிழில் வாயால் சொல்லிக்கொண்டே போவாள். கடைசியில் அவர் ஒரு எண் சொல்வார். அவள் சிவப்புப் பென்சிலால் அட்டையில் எழுதுவாள். கீழே அவர் கையெழுத்துப் போடுவார். விடைத்தாளை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இதெல்லாம்.

ஹாப்ஸ், ரூசோ, ஹ்யூம், காண்ட். மனித இயல்பு, ஒழுக்கம், அறிவு. இந்த நாலு பேரையும் இந்த மூன்று விஷயத்தையும் வருஷத்துக்கு நானூறு தடவை சரசா வாய்விட்டுச் சொன்னாள். நடுநடுவே கேள்வி கேட்பாள்.

"ஏன்னா, மனுஷா எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கத்தான் பொறந்தான்னு ஹாப்ஸ் சொல்றாரே, அவரையும் யாரோ ஒருத்தி தூக்கி வெச்சுண்டு சோறு ஊட்டியிருப்பாளே. அது எந்தக் கணக்குல வரும்?"

"அது சிலபஸ்ல வராது. நீ படி."

அவள் படிப்பாள்.

இந்த வருஷம் மே மாதம் வந்ததுதான் நூற்றுப் பதினேழாம் விடைத்தாள். பெயர், ஊர் எதுவும் தெரியாது. பெயர் எழுதிய மூலையை மடித்து ஒட்டி, மேலே ரகசிய எண்ணைக் குத்தியிருப்பார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. நூறு மதிப்பெண். மேற்சொன்ன நால்வரும் மனித இயல்பு, ஒழுக்கம், அறிவு பற்றிச் சொன்னவற்றை ஒப்பிடுக. மூன்று மணி நேரம்.

பட்டாபிராமனுக்கு ஒரு கட்டம் உண்டு. நாலு தத்துவவாதிகள், மூன்று தலைப்புகள், பன்னிரண்டு அறைகள். அறைக்கு எட்டு மதிப்பெண், நடைக்கு நாலு. எந்த மாணவன் எழுதினாலும் அந்தப் பன்னிரண்டு அறைக்குள் எழுத வேண்டும்.

நூற்றுப் பதினேழு அப்படி எழுதவில்லை. தலைப்பே போடவில்லை. ஒரு தெருவில் தண்ணீர் லாரி வருவதில் ஆரம்பித்தது. லாரி வந்ததும் குடங்கள் முட்டிக்கொள்கின்றன. ஹாப்ஸ் இதைப் பார்த்து, வரிசையை ஒழுங்குபடுத்த லத்தியோடு ஒருத்தன் வேண்டும் என்பார். ரூசோ அதே தெருவைப் பார்த்து, குழாயில் எல்லோருக்கும் தண்ணீர் வந்த நாளில் இந்தப் பெண்கள் சண்டை போட்டார்களா என்று கேட்பார். பின்னால் நிற்கும் கிழவியின் குடத்தை ஒருத்தி வாங்கி நிரப்பித் தருகிறாள். யோசித்துச் செய்யவில்லை, மனசு இளகிச் செய்தாள் என்பார் ஹ்யூம். இன்னொருத்திக்குக் கிழவியைக் கண்டாலே ஆகாது. அவளும் நிரப்பித் தருகிறாள், அதுதான் நியாயம் என்பதற்காக. காண்ட் இரண்டாமவளுக்குத்தான் மதிப்பெண் போடுவார். இப்படிப் போனது விடை.

பட்டாபிராமன் திவானில் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தார்.

"என்னடி இது? காண்ட்டைத் தண்ணி லாரில ஏத்திட்டான். கார்ப்பரேஷனுக்கு எழுத வேண்டிய புகாரை நமக்கு எழுதியிருக்கான். எவன் இவன்?"

"மிச்சத்தையும் படிக்கட்டுமா?"

"படி, படி. பொழுது போகும்."

அவள் கடைசி வரை படித்தாள். அறிவு பற்றிய பகுதி வந்தபோது அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"இருபத்தெட்டு" என்றார்.

"பாஸ் நாப்பது."

"தெரியும். இருபத்தெட்டு."

அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை கடைசியில் கடிதம் வந்தது. அந்த மாணவன் மற்ற மூன்று தாள்களிலும் எழுபதுக்கு மேல் வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு தாளில் தோற்றால் அது தானாகவே இரண்டாவது தேர்வாளருக்குப் போகும் என்பது நிலையத்தின் விதி. இரண்டாவது தேர்வாளர் எழுபத்தொன்று போட்டிருந்தார். இருபதுக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதல் தேர்வாளர் நேரில் வந்து, விடைத்தாளைப் படித்துக் காட்டி, தன் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

படித்துக் காட்டி. அந்த இரண்டு வார்த்தையில்தான் பட்டாபிராமனின் தூக்கம் போனது. போகிற இடத்தில் மராத்தி தெரியாதது வெளிப்பட்டால் தேர்வாளர் பதவி போகும். கல்லூரிக்குக் கடிதம் போகும். பதினோரு வருஷத்தில் திருத்திய ஆயிரக்கணக்கான தாள்கள் கேள்விக்குறியாகும்.

"சரி, படிச்சாச்சுன்னு வெச்சுக்கோ. இருபத்தெட்டு ஏன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார் இப்போது, சீட்டுகளை அடுக்கியபடி.

சரசா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தலைப்புப் போடலை. நாலு பேரையும் அவாவா காலத்துல வெச்சுப் பேசலை. காண்ட்டோட அறிவுக் கொள்கைக்கு ரெண்டே பத்தி. ரூசோ அறிவைப் பத்திச் சொன்னது வரவே இல்லை. உதாரணம் ஜாஸ்தி, வாதம் கம்மி. போறுமா?"

"அடேயப்பா. இது போதும். இதையே சொல்லிடறேன்." அவருக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. "உனக்கு எப்படிடி அந்தப் பேப்பர் இவ்வளவு ஞாபகம் இருக்கு?"

"நீங்க அன்னிக்கு அவ்வளவு சிரிச்சேளே. எப்படி மறக்கும்?"

டப்பாவில் போஹா அவலை அடைத்து மூடினாள். மூடிய கை மூடியின்மேலேயே இருந்தது.

"ஏன்னா, அந்தப் பேப்பர் நிஜமாவே இருபத்தெட்டுதானா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

சரசா ரெயின்கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஏரவாடா தாண்டும்வரை பட்டாபிராமன் மனப்பாடம் செய்துகொண்டே ஓட்டினார். பாலத்தில் ஒரு டெம்போ பக்கவாட்டில் சேற்றை அடித்துவிட்டுப் போனது. கண்ணாடிக் கூடு சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது.

நிலையத்தின் வராந்தாவில் அந்தோணி காத்திருந்தார். தேர்வுப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா. ஏரவாடாவாசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பூர்வீகம். பட்டாபிராமனைப் பார்த்தால் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரியும். இன்றைக்கு அது கொஞ்சம் குறைவு.

"என்ன சார் இப்படி நனைஞ்சிட்டீங்க. வாங்க, டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் அந்தோணி. யார் விசாரிக்கறா?"

"லீலா காணேகர் மேடம். அவங்கதான் எழுபத்தொண்ணு போட்டது. பேச்சு மெதுவா இருக்கும், ஆனா விட மாட்டாங்க. உங்க நேரம் சார், அந்தக் கட்டு உங்களுக்கு வரவேண்டியதே இல்ல. வேற ஒருத்தர் திருத்துற கட்டு. அவருக்கு மஞ்சக்காமாலைன்னு படுத்துட்டாரு, கடைசி நேரத்துல உங்க பக்கம் தள்ளிட்டோம்."

"அந்தப் பையனுக்கு என்ன ஆகும்? திரும்ப எழுதலாமோல்லியோ?"

"எங்க சார். மராத்தி வழியை இந்த வருஷத்தோட மூடறாங்க. இதுல போச்சுன்னா மொத்தமும் போச்சு. மூணு பேப்பர் பாஸானதுக்குத் துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காது."

முகம் தெரியாத அந்தப் பையன் ஒரு விநாடி பட்டாபிராமனின் மனசில் வந்து நின்றான். மறுவிநாடி கல்லூரி முதல்வரின் மேசையும் அதன்மேல் பிரித்த ஒரு கடிதமும் வந்தன. பையன் போய்விட்டான். நேற்றுகூட வகுப்பில் சொன்னார், பயம் வந்தால் மனிதனுக்கு அடுத்தவன் தெரியமாட்டான், ஹாப்ஸ் கட்டிய வீட்டின் அஸ்திவாரமே பயம்தான் என்று.

உள்ளே போனார்.

லீலா காணேகருக்கு அறுபது இருக்கும். நரைத்த முடி, பருத்திப் புடவை, மேசையில் ஒரே ஒரு விடைத்தாள். அந்தோணி மூலையில் குறிப்பெழுத உட்கார்ந்தார்.

"உட்காருங்க, பேராசிரியரே. துண்டு வேணுமா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். "முதல்ல காரணம் சொல்லுங்க. அப்புறம் படிக்கலாம்."

பட்டாபிராமன் சொன்னார். தலைப்பு இல்லை. காலப் பின்னணி இல்லை. காண்ட்டுக்கு இரண்டே பத்தி. ரூசோவின் அறிவுப் பார்வை விடுபட்டிருக்கிறது. சரசா சொன்ன வரிசையிலேயே சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

லீலா காணேகர் தலையசைத்தார். "எல்லாம் நியாயமான குறைகள். நானும் இருபத்தொன்பது மதிப்பெண் இதுக்கெல்லாம்தான் குறைச்சேன். ஆனா நீங்க எழுபத்திரண்டு குறைச்சிருக்கீங்களே."

"மேடம், இது தத்துவ விடையே இல்லை. தண்ணீர் லாரிச் சண்டை. படிக்காதவர்கள் பேசும் வம்பு. இதற்கு நாம் பட்டயம் கொடுத்தால் நாளைக்குத் தெருவில் போகிறவர்களெல்லாம் தத்துவவாதிகள்."

"உங்க தெருவுல லாரி வருதா?"

"வருகிறது. விஷ்ராந்த்வாடியில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டிக்குத் தினமும்."

"யார் பிடிப்பாங்க?"

"வீட்டில்தான்... என் மனைவி."

"ம். மூணாம் பக்கத்தை எடுத்து மேலேருந்து படிங்க. மராத்தியிலேயே."

சரசா சொன்னது அப்படியே பலித்தது. பட்டாபிராமன் கண்ணாடிக் கூட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டைத் திறந்தபடியே தன் பக்கம் சாய்த்து வைத்தார். விடைத்தாளை முன்னால் இழுத்தார். மூன்றாம் பக்கம். நீல மையில் எறும்புகள். ஒரு விரலை முதல் வரியில் வைத்தார். ஆரம்பித்தார்.

தடங்கல் இல்லாமல் வந்தது. நேற்று ஆறு மணிக்கு லாரி வந்தது, முந்தாநாளும் வந்தது; அதனால் நாளைக்கும் வரும் என்று குடத்தோடு நிற்கிறோம். ஹ்யூம் சொல்வார், இது அறிவல்ல, பழக்கம். காண்ட் வேறு சொல்வார். தண்ணீர் குடத்தின் வடிவத்தில்தான் வீட்டுக்கு வருகிறது. உலகம் நம் மனத்தின் வடிவத்தில்தான் நமக்குள் வருகிறது. குடத்துக்கு வெளியே தண்ணீர் எப்படி இருக்கும் என்று குடத்துக்குத் தெரியாது.

மே மாதத்தில் தூங்கிக்கொண்டே கேட்ட பகுதி. இப்போது தன் வாயாலேயே சொன்னபோதுதான் அது அவர் காதில் விழுந்தது. பதினெட்டு வருஷமாக அவர் காண்ட்டை விளக்கியும் கடைசி பெஞ்சுக்கு ஒருநாளும் எட்டியதில்லை. இது எட்டும்.

அந்த நினைப்பில் விரல் வரியில் நின்றுவிட்டது. வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றார் லீலா காணேகர்.

நிறுத்தினார்.

"ஒரு எழுத்துகூடப் பிசகலை. உச்சரிப்பு கொஞ்சம் மெட்ராஸ், பரவாயில்லை. ஆனா கடைசியா நீங்க சொன்ன ஆறு வரி நாலாம் பக்கத்துல இருக்கு. நீங்க இன்னும் தாளைத் திருப்பவே இல்லையே."

அந்தோணி பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. லீலா காணேகர் கையை நீட்டிக் கண்ணாடிக் கூட்டிலிருந்து சீட்டுகளை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து.

"இது உங்க மொழியா?"

"ஆமாம்."

"மராத்தியைத் தமிழ்ல எழுதி வச்சிருக்கீங்க."

காது மடல்கள் சுட்டன. பிட்டோடு பிடிபட்ட பையன்கள் ஏன் வாயைத் திறக்காமல் தரையையே பார்க்கிறார்கள் என்று அவர் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறார். அவரும் தரையைத்தான் பார்த்தார். நனைந்த செருப்பிலிருந்து நீர் வழிந்து நாற்காலிக்கடியில் ஒரு சிறு குளம் கட்டியிருந்தது.

"எனக்கு மராத்திக் கையெழுத்து படிக்க வராது, மேடம்."

"எத்தனை நாளா?"

"எப்போதுமே வராது. பதினோரு வருஷமாக."

"அப்ப யார் படிச்சது?"

இங்கே அவர் வாயை மூடியிருக்கலாம். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். "என் மனைவி" என்றார். "அவள் மராத்தியைப் பார்த்துத் தமிழில் சொல்வாள். நான் மதிப்பெண் சொல்வேன்."

"இந்தத் தாளும் அப்படித்தானா?"

"அப்படித்தான்." அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கணம், தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது. அதற்குள் நுழைந்துவிட்டார். "மேடம், ஒன்று சொல்ல வேண்டும். அவள் பன்னிரண்டாவதுதான் படித்தவள். அவளுக்குத் தத்துவம் தெரியாது. இவ்வளவு நுட்பமாக எழுதியிருப்பதை அவள் சரியாக மொழிபெயர்க்காமல் விட்டிருப்பாள். நான் கேட்டது வேறு, தாளில் இருப்பது வேறு. அதனால்தான் இருபத்தெட்டு. அவள் சரியாகச் சொல்லியிருந்தால் நான் அதைப் போட்டிருக்கவே மாட்டேன்."

சொல்லி முடித்தபோது தன் குரலே யாரோ ஒரு மட்டமான ஆளின் குரலாகக் கேட்டது. மூலையில் அந்தோணி நாற்காலியில் அசைந்தார்.

லீலா காணேகர் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அவங்க உங்களுக்கு மே மாசம் எத்தனை தாள் படிச்சாங்க?"

"நானூறுக்கு மேல்."

"இந்தத் தாள் அப்புறம் உங்க வீட்டுல இருந்ததா? நகல் ஏதாவது?"

"இல்லை. ஜூன் முதல் வாரமே திருப்பி அனுப்பிவிட்டோம்."

"இந்தச் சீட்டு எப்ப எழுதினது?"

"இன்றைக்குக் காலையில். அவள் சொல்லச் சொல்ல."

"மே மாசம் ஒரே ஒரு தடவை, அதுவும் தமிழ்ல சொல்லிக்கிட்டே பார்த்த தாள். நானூறுல ஒண்ணு. மூணு மாசம் கழிச்சு, சமையலறையில நின்னுக்கிட்டு, மராத்தியில, ஒரு எழுத்துப் பிசகாம இன்னைக்குச் சொன்னாங்க. அவங்களுக்கா சரியாச் சொல்ல வரலைன்னு சொல்றீங்க?"

பட்டாபிராமன் வாயைத் திறந்தார். நீங்க அன்னிக்கு அவ்வளவு சிரிச்சேளே என்று காலையில் சரசா சொன்னது மட்டும் காதில் ஓடியது.

"நான் நேத்துப் படிச்ச தாளை இன்னைக்கு வரி வரியாச் சொல்ல மாட்டேன்" என்றார் லீலா காணேகர். "யாராலும் முடியாது. ஒரே ஒருத்தரால மட்டும் முடியும்."

அவர் விடைத்தாளை மூடினார். அட்டையில் சிவப்புப் பென்சிலில் இருபத்தெட்டு என்று இருந்தது. நேராக, திருத்தமாக, அடித்தல் இல்லாமல். எழுதியது சரசாவின் கை. நாற்பது என்று எழுதியிருந்தாலும் பட்டாபிராமன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார்.

"அந்தோணி, இது எந்த மையத்துக் கட்டு?"

அந்தோணி பதிவேட்டைத் தள்ளினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "தேஹு ரோடு, மேடம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சரசா தேஹு ரோட்டில் அக்கா வைஜயந்தி வீட்டுக்குப் போய்வருவாள். ஒன்றரை வருஷமாக. எதற்கு இவ்வளவு அடிக்கடி என்று அவர் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் இல்லாத நாளில் சாப்பாடு மூடி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

லீலா காணேகர் காகிதக் கத்தியை எடுத்தார். ஒட்டி மடித்திருந்த மூலையின் கீழே நுழைத்து, கிழியாமல், மெல்ல நெம்பினார். பசை விட்டுக்கொடுத்தது. அவர் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. தாளைத் திருப்பிப் பட்டாபிராமனின் பக்கம் நகர்த்தினார்.

"இதைக் கையெழுத்தா எழுதலை. அச்சு மாதிரி, தனித்தனி எழுத்தா எழுதச் சொல்லியிருக்கோம். இதை உங்களால படிக்க முடியும். படிங்க."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எழுத்துகள் பெரிதாக, தள்ளித் தள்ளி நின்றன. விரலை வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மராத்தி விடைத்தாளை அவரே படித்தார். ஒவ்வொரு எழுத்தாக. உரக்க.

"ஸ... ர... ஸா."

அடுத்த வார்த்தை, பட்டாபிராமன்.